செல்மாவுக்குச் சென்ற கன்னியர்

திரைப்படம் பார்க்கக் கூடும் மக்கள், படம் முடிந்து விளக்கு எரிந்ததும் எழுந்து வீடு செல்வர். நம் பங்குகளில் தவக்காலத்தில் ஆண்டவருடைய பாடுகளின் படத்தைக் காட்டினால், உயிர்ப்புக் காட்சி வருமுன்னரே செருப்பைத் தேடத் தொடங்குவோர் உண்டு என்பதை வாசகர்கள் அறிவீர்கள். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரில், ஒரு பங்கு மண்டபத்தில் நாம் கண்ட காட்சி இதற்கு மாறானது. படம் ஓடியது ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதன்பின் நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு மக்கள் பேசியது அதைவிட அதிக நேரம்.

அந்தப் பங்கில் சில மாதங்கள் உதவிக்காகத் தங்கியிருந்தோம். 2023-இல் செயின்ட் லூயிஸ் உயர்மறைமாவட்டத்தில், குருக்களின் எண்ணிக்கையும் ஆலயம் வருவோரின் எண்ணிக்கையும் குறைந்ததால், பல பங்குகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. நாம் தங்கிய பங்கும் அவ்வாறு இணைந்ததே. இணைந்தவற்றுள் ஒன்றில் பெரும்பாலோர் வெள்ளையர். மற்றதில் பெரும்பாலோர் கறுப்பினத்தார். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கினர். ஒரே மண்டபத்தில் காப்பி அருந்தினர். ஆனால் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உட்காரும்போது, எவரும் சொல்லாமலே, மண்டபத்தின் இரு பக்கங்களில் இரு கூட்டமாகப் பிரிந்து அமர்வதைக் கண்டோம். பகை ஏதும் இல்லை. பழக்கமில்லை, அவ்வளவே. பிப்ரவரித் திங்களை அந்நாட்டார் கறுப்பின மக்களின் வரலாற்று மாதமாகக் கொண்டாடுவதால், அதைச் சாக்காக வைத்துப் பங்குப் பேரவையார் இந்தத் திரையிடலை ஏற்பாடு செய்தனர்.

படம் 2007-இல் வெளிவந்தது. 'செல்மாவின் சகோதரிகள்' என்பது அதன் பெயர். இந்திய வம்சாவளியினரான ஜெயஸ்ரீ மஜும்தார் ஹார்ட் என்னும் பெண்மணி இயக்கியது. கதைப்படம் அன்று, உண்மை நிகழ்ச்சிகளின் படம். 1965-இல் அலபாமா மாநிலத்துச் செல்மா நகருக்கு அறப்போராட்டத்தில் கலந்துகொள்ளச் சென்ற கத்தோலிக்கக் கன்னியர், முதுமை எய்திய பின்னர், அந்நாளில் தங்களைப் படம்பிடித்த செய்திச் சுருள்களைப் பார்த்துப் பேசுகிறார்கள். திரைக்குள் ஒரு திரை. அதன் முன்னே நாம்.

செல்மாவில் நடந்ததைச் சற்றே விளக்க வேண்டும். அந்நகரம் அடங்கிய டல்லாஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்கள் ஏறத்தாழ 15,000 பேர் இருந்தனர். வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்களோ நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். தடுத்தது எது? பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாட்களே திறந்திருக்கும். வரிசையில் நின்று உள்ளே சென்றால், அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். விளக்கம் சரியா, பிழையா என்பதைத் தீர்மானிப்பவர் அங்கே இருக்கும் வெள்ளை அலுவலரே. பள்ளி ஆசிரியர்களே தேர்ச்சி பெறாமல் திரும்பிய அலுவலகம் அது. வரிசையில் நின்ற செய்தி முதலாளியின் காதுக்கு எட்டினால் வேலையும் போகும்.

1965 பிப்ரவரி 18-ஆம் நாள் இரவு, அருகிலுள்ள மேரியன் என்னும் ஊரில் அமைதி ஊர்வலம் சென்ற மக்களை மாநிலக் காவலர் அடித்து விரட்டினர். ஜிம்மி லீ ஜாக்சன் என்னும் 26 வயது இளைஞர் தம் குடும்பத்தாரைக் காக்க முயன்றபோது சுடப்பட்டார். வாக்காளராகப் பதிவு பெறப் பலமுறை முயன்று தோற்றவர் அவர். தம் பாப்டிஸ்ட் சபையில் திருத்தொண்டர். எட்டு நாட்கள் கழித்து, செல்மாவில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய நல்ல சமாரியர் மருத்துவமனையில் இறந்தார். சுட்ட காவலர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றது 2010-இல். இடையில் கழிந்தவை 45 ஆண்டுகள்.

அவருடைய இறப்பே ஊர்வலத்துக்குக் காரணமாயிற்று. மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. அவ்வாண்டு தவக்காலத்தின் முதல் ஞாயிறு அது. ஏறத்தாழ 600 பேர் மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரிக்கு நடந்து செல்லப் புறப்பட்டனர். அலபாமா ஆற்றின் மேலுள்ள எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும், மாநிலக் காவலரும் ஷெரிப்பின் ஆட்களும் கண்ணீர்ப் புகையும் தடியும் குதிரைகளுமாய்ப் பாய்ந்தனர். முன்வரிசையில் நின்ற 25 வயது ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. அமீலியா பாயின்டன் என்னும் பெண்மணி உணர்விழந்து சாலையில் விழுந்தார். (அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி ஒருவரின் பெயரே அந்தப் பாலத்துக்கு. அப்பெயர் இன்றும் மாறவில்லை.)

அன்றிரவு நடந்த ஒன்றைத் திரைப்படம் விரும்பும் நம் இளைஞர் அறிந்துகொள்வது நன்று. ஏ.பி.சி. தொலைக்காட்சி ஞாயிறு இரவுத் திரைப்படமாக 'நூரெம்பர்க் தீர்ப்பு' என்னும் படத்தை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. இட்லரின் ஆட்சியில் அநீதிக்குத் துணைபோன நீதிபதிகளை விசாரிக்கும் கதை. ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் பேர் தத்தம் வீடுகளில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நடுவில் படத்தை நிறுத்திவிட்டு, செல்மாப் பாலத்தில் அன்று பகல் எடுத்த காட்சிகளைக் கால் மணி நேரம் போலக் காட்டினார்கள். செருமானியர் அண்டை வீட்டாருக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டும் எவ்வாறு வாளாவிருந்தனர் என்று வியந்துகொண்டிருந்த மக்கள், தங்கள் நாட்டுச் சாலையைப் பார்த்தனர். மறையுரை ஆயிரம் செய்தாலும் இப்படி ஒரு கால் மணி நேரம் வாய்ப்பது அரிது என்று நாம் எண்ணுவதுண்டு.

இனிக் கன்னியரைப் பற்றி. அவர்களில் இரு வகையினரைப் படம் காட்டுகிறது. அன்றிரவுப் பேச்சில் பாதி இவ்விரு வகையினரைப் பற்றியதே.

முதல் வகையினர் செல்மாவிலேயே இருந்தவர்கள். புனித எட்மண்ட் சபைக் குருக்கள் 1937-இல் அந்நகருக்கு வந்து கறுப்பின மக்களிடையே மறைப்பணி தொடங்கினர். ராச்செஸ்டர் நகரத்துப் புனித சூசையப்பர் சபைக் கன்னியர் அவர்களுக்குத் துணையாக வந்து பள்ளியும் மருத்துவமனையும் நடத்தினர். 1965-இல் அங்கே பணியாற்றிய அருட்தந்தை மோரிஸ் வுலே, வாக்குரிமை கேட்ட மக்களுக்கு வெளிப்படையாக ஆதரவு காட்டிய வெள்ளைக் குரு. ஆனால் பேராயர் தாமஸ் தூலன் தம் குருக்களும் கன்னியரும் தெருவில் இறங்கி ஊர்வலம் செல்லலாகாது எனத் தடை விதித்திருந்தார். அவர்கள் கீழ்ப்படிந்தனர். பாலத்தில் அடிபட்டவர்கள் வந்து சேர்ந்தபோது அவர்கள் மருத்துவமனையில் இருந்தனர். ஜான் லூயிஸும் அங்கேதான் கொண்டுவரப்பட்டார். புகையால் கண் எரிந்தவரும் எலும்பு முறிந்தவருமாகக் கூடம் நிரம்பியது. கட்டுப் போட்ட கைகள் அவர்களுடையவை.

பேராயர் தூலனைக் கொடியவர் எனக் கொள்ளுதல் நேர்மையாகாது. 1964-இல், அலபாமாவில் பலர் சினம் கொள்ள, கத்தோலிக்கப் பள்ளிகளில் இருந்த நிறப் பாகுபாட்டை நீக்க ஆணையிட்டவர் அவரே. கறுப்பின மக்களுக்கென ஆலயங்களும் பள்ளிகளும் எழுப்பியவர். எனினும், வெளியூர்க் குருக்களும் கன்னியரும் செல்மாவுக்கு வருவதை அவர் அவ்வாண்டு மார்ச் 17-இல் வெளிப்படையாகக் கண்டித்தார். கோடையில் தந்தை வுலே செல்மாவை விட்டு அனுப்பப்பட்டார். அவர் மறுத்துப் பேசவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்.

இரண்டாம் வகையினர் வெளியிலிருந்து வந்தவர்கள். மார்ச் 7-க்குப் பின், நாடெங்கும் உள்ள சமயப் பணியாளரைச் செல்மாவுக்கு வரும்படி மார்ட்டின் லூதர் கிங் அழைத்தார். செயின்ட் லூயிஸிலிருந்து குருக்களும் பிற சபைப் போதகரும் யூத ரபிகளுமாக ஐம்பதுக்கு மேற்பட்டோர் மார்ச் 10-ஆம் நாள் விமானம் ஏறினர். அவர்களுள் கன்னியர் அறுவர். அறுவருள் கறுப்பினப் பெண் ஒருவரே: அருட்சகோதரி மேரி அன்டோனா ஈபோ.

1924-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் தாயை இழந்து, கறுப்பினப் பிள்ளைகளுக்கான காப்பகத்தில் வளர்ந்தவர். பதினெட்டு வயதளவில் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானார். செவிலியராக விரும்பிக் கத்தோலிக்கச் செவிலியர் பள்ளிகளுக்கு எழுதினார். நிறத்தைக் கண்டு அவை மறுத்தன. செயின்ட் லூயிஸில் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனைப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தது. 1946-இல் அதே மருத்துவமனையை நடத்திய சபையில் துறவியாகச் சேர்ந்தார். அச்சபை ஏற்றுக்கொண்ட முதல் மூன்று கறுப்பினப் பெண்களில் அவர் ஒருவர். ஆனால் அம்மூவருக்கும் நவதுறவகம் தனி. ஏழை இயேசுவுக்குத் தங்களைக் கையளிக்க வந்த பெண்களை, வெள்ளை நவகன்னியரோடு ஒரே கூரையின்கீழ் வைக்க அன்று மனம் வரவில்லை. இதைப் பிற்காலத்தில் அவர் எங்கும் மறைக்காமல் சொல்லிவந்தார். சபையை விட்டு விலகவும் இல்லை.

செல்மாச் செய்தியைக் கேட்ட மறுநாள், இந்தத் துறவற உடை மட்டும் தம்மேல் இல்லாதிருந்தால் தாமும் அங்கே சென்றிருப்பார் என்று உடன் பணியாற்றியோரிடம் கூறினாராம். சற்று நேரத்தில் தலைமைச் சகோதரி அழைத்து, செல்லச் சம்மதமா என்று கேட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதைதான். முந்தைய நாள் இரவு செல்மாவில் ஜேம்ஸ் ரீப் என்னும் வெள்ளைப் போதகர் தெருவில் அடிக்கப்பட்டு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். மார்ச் 11-இல் அவர் இறந்தார். வெள்ளைக் குருவையே அடித்தவர்கள் கறுப்புக் கன்னியை என்ன செய்வார்கள் என்ற அச்சம் தமக்கு இருந்ததை அவர் பிற்பாடு ஒளிக்கவில்லை. செல்மாவில் கேட்டவர்களிடம், தாம் ஒரு கறுப்பினப் பெண், ஒரு கன்னி, ஒரு கத்தோலிக்கர் என்றும், சாட்சியம் பகரவே வந்ததாகவும் கூறினார். அன்று அவர்கள் நடந்தது சில அடி தூரமே. பிரௌன் ஆலயத்திலிருந்து புறப்பட்டவர்களை நகர மேயரும், காவல்துறைப் பொறுப்பாளர் வில்சன் பேக்கரும் தெருவிலேயே மறித்து நிறுத்தினர். ஆனால் அடிக்கவில்லை. கறுப்பும் வெள்ளையுமான துறவற உடைகள் முன்வரிசையில் நின்றதைப் படக்கருவிகள் நாடெங்கும் கொண்டுசென்றன.

எஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்வோம். மார்ச் 21 முதல் 25 வரை, நீதிமன்ற அனுமதியோடும் படைப் பாதுகாப்போடும், 87 கிலோமீட்டர் நடந்து மக்கள் மாண்ட்கோமரியை அடைந்தனர். இறுதி நாளில் 25,000 பேர் திரண்டனர். ஆகஸ்டு 6-இல் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமானது. 1966-இல் ஷெரிப் ஜிம் கிளார்க் தேர்தலில் தோற்றார். அவரை வென்றவர், கன்னியரைத் தெருவில் மறித்த அதே வில்சன் பேக்கர். வாக்குச் சீட்டு எத்தகைய வேடிக்கைகளைச் செய்யவல்லது பாருங்கள்!

படம் முடிந்ததும் முதலில் எழுந்த கேள்வி கீழ்ப்படிதல் பற்றியது. தடையை ஏற்று மருத்துவமனையில் நின்ற கன்னியர் செய்தது பெரிதா, ஊர்வலத்தில் நடந்தவர் செய்தது பெரிதா? ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆயரின் தடை நீதிக்கு எதிரானதாயின் அதற்குக் கீழ்ப்படிவது நற்பண்பாகாது என்றார். செவிலியராகப் பணியாற்றிய கறுப்பினப் பெண்மணி ஒருவர் இதை ஏற்கவில்லை. ஊர்வலத்துக்கு எல்லாரும் போய்விட்டால் உடைந்த மண்டையைத் தைப்பது யார் என்று கேட்டார். நம் கருத்து என்ன என்று கேட்டனர். குருப்பட்டத்தன்று ஆயரின் கைகளுக்குள் கை வைத்துக் கீழ்ப்படிதலுக்கு வாக்களித்தவர்கள் நாம். எனவே அந்தச் செல்மாக் கன்னியரைக் குறை கூற நமக்கு நா எழவில்லை. ஆயினும் ஒன்றைச் சொன்னோம். செயின்ட் லூயிஸ் கன்னியரும் கீழ்ப்படிந்தே சென்றனர். அவர்களைப் போகச் சொன்னவர்கள் அவர்களுடைய தலைவியரே. ஆகவே கேள்வி கீழ்ப்படிந்தவரை நோக்கியதன்று, ஆணையிடும் பொறுப்பில் இருப்போரை நோக்கியது. ஆசிரியர் இதைக் குறித்துக்கொண்டார், செவிலியர் புன்னகைத்தார். இருவரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை.

இளைஞர் ஒருவர், அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதி ஒன்றை 2013-இல் உச்ச நீதிமன்றம் செயலற்றதாக்கியதை நினைவூட்டினார். வழக்குத் தொடுத்ததும் அலபாமா மாநிலத்துக் கவுண்டி ஒன்றே. முதியோர் பழைய வெற்றியைக் கொண்டாடுவதாகவும், தம் வயதினர் வேறொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் அவர் சொன்னார். இதற்கு எவரும் விடை கூறவில்லை.

பின்னர் ஒரு பெண் நம் பக்கம் திரும்பி, இந்தியாவில் இத்தகைய பிரிவினை உண்டா என்று கேட்டார். 1959-இல் கிங் தம் துணைவியாரோடு நம் நாட்டுக்கு வந்ததைச் சொன்னோம். கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் கண்டு வியந்தவர் அவர். திருவனந்தபுரத்தில், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் தம்மை அறிமுகம் செய்ததையும், முதலில் அது தம்மைச் சுட்டதையும், பின் சிந்தித்து அது உண்மையே என்று தாம் ஏற்றுக்கொண்டதையும் 1965-இல் அவரே மறையுரையில் கூறியிருக்கிறார். இதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். மண்டபத்தாரும் மகிழ்ந்திருப்பர். ஆனால், தமிழ்நாட்டில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களின் நடுவேயே சாதிச் சுவர் எழுப்பப்பட்ட இடங்கள் உண்டு என்பதையும் சொன்னோம். வீட்டுக் குறையை வெளியூரில் விளம்புவானேன் என்று வாசகர் சிலர் நம்மைக் கடிந்துகொள்ளக்கூடும். தனி நவதுறவகத்தைப் பற்றித் தங்கள் குறையை மறைக்காமல் பேசியவர்கள் நடுவில் நாம் மட்டும் மூடி மறைத்துப் பேசுதல் முறையாகாது. இறந்தவர்களுக்குமா என்று அந்தப் பெண் கேட்டார். ஆம் என்றோம்.

அதன் பிறகே, பின்வரிசையில் அதுவரை பேசாதிருந்த வெள்ளை முதியவர் வாய் திறந்தார். எண்பத்தைந்தை நெருங்கியவர். 1947-இல் நடந்ததைச் சொன்னார். அவ்வாண்டு பேராயர் ஜோசப் ரிட்டர், செயின்ட் லூயிஸ் கத்தோலிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என ஆணையிட்டார். பல நூறு பெற்றோர் கூடி, பேராயர்மீது நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தனர். அவ்வாறு செய்வோர் திருச்சபையிலிருந்து விலக்குண்டவர் ஆவர் என்று பேராயரின் மடல் ஞாயிறு திருப்பலியில் எல்லா ஆலயங்களிலும் வாசிக்கப்பட்டது. அவர்கள் உரோமையின் பிரதிநிதிக்கு முறையிட்டுப் பார்த்தனர், பயனில்லை, சங்கத்தைக் கலைத்தனர். உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாதெனத் தீர்ப்பளித்தது இதற்கு ஏழு ஆண்டுகள் பின்னரே என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். வழக்குத் தொடரக் கூடிய அந்தப் பெற்றோரில் தம் தந்தையும் ஒருவர் என்றார் முதியவர். மடல் வாசித்த ஞாயிறன்று தந்தை வீட்டுக்கு வந்து உண்ணவில்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தவும் இல்லை. அதைப் பற்றி இறக்கும்வரை பேசவும் இல்லை. தம் வகுப்புக்கு ஒரே ஒரு கறுப்பினச் சிறுவன் வந்தான்; சன்னலோரம் உட்கார்ந்தான்.

எதிரே இருந்த கறுப்பின மூதாட்டி இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் லூசியானாவில் பிறந்து வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது கடைசி இருக்கைகளில் அமர்ந்து, வெள்ளையர் அனைவரும் வாங்கி முடித்த பின்னரே நற்கருணை வாங்கியதை அன்று முன்னரே சொல்லியிருந்தார். இப்போது அவர் கேட்டது ஒன்றே: அந்தச் சிறுவனின் பெயர் என்ன?

முதியவர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். ஆசிரியைக் கன்னியின் பெயர், பக்கத்து இருக்கைப் பையனின் பெயர், கால்பந்து ஆடிய நண்பர்கள் பெயர் எல்லாம் நினைவுக்கு வந்தன. அது வரவில்லை. மூதாட்டி கடிந்து ஏதும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கூட்டத்தை நடத்தியவர் மணியைப் பார்த்து, இறுதிச் செபம் சொல்லும்படி நம்மை அழைத்தார். பரலோக மந்திரத்தைச் சொல்லி முடித்தோம்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின், அந்த முதியவர் பழைய உறை ஒன்றோடு மண்டபத்துக்கு வந்தார். வழக்கமாக உட்காரும் பக்கத்தைவிட்டு நேரே மூதாட்டியின் மேசைக்குப் போனார். உறைக்குள் வகுப்பின் நிழற்படம். பின்புறத்தில் கன்னியரின் அழகிய கையெழுத்தில் வரிசை வரிசையாகப் பெயர்கள். மூன்றாம் வரிசையில் விரலை வைத்துக் காட்டினார். மூதாட்டி மூக்குக் கண்ணாடியை அணிந்துகொண்டு, அந்தப் பெயரை முழுவதுமாக, மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அவனைப் பற்றி வேறு என்ன நினைவிருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்.